அப்பாவின் கைநாட்டு

என் முன்பல்லை உடைத்தவர் என் அப்பா. புருஷனிடம் அடிவாங்கி வருகிற பெண்களுக்கு இருபது வருஷமாக மருந்து போட்டு அனுப்புகிற நர்ஸ் நான். என் புருஷனோ அதட்டிப் பேசக்கூடத் தெரியாத அப்பிராணி. எழுபத்தெட்டு வயதில், நாற்பத்தைந்து கிலோகூடத் தேறாத அப்பா, இ-சேவை மையத்தில் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க முழங்கையால் என் வாயில் இடித்தார். பல் பாதியாக உடைந்து நாக்கில் விழுந்தது. துப்பிவிட்டு நிமிர்ந்தால், ஆதார் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அவரை வெளியே இழுத்துவந்து, நடுத்தெருவில், கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டேன். பழக்கடைக்காரர் ஒருவர், "ஏம்மா, பெத்த தகப்பனைப் போயி அடிக்கிறியே" என்றார். "நீங்க ஒரு வாரம் வச்சுக்கிறீங்களா? இப்பவே ஆட்டோவுல ஏத்தி விடுறேன்" என்றேன். அவர் வாழைப்பழத்தை எடுத்து மறுபடி அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவுக்கு மறதி நோய் வந்து அப்போது நாலு வருஷம். முதலில் சாவி மறந்தது, பிறகு வீட்டுக்கு வரும் வழி, பிறகு அம்மா செத்துப்போனது, கடைசியில் நாங்கள். எல்லாம் போயும் கையிலிருந்த பலம் மட்டும் போகவில்லை. தம்பி கொத்தனார், வாட்டசாட்டமான ஆள். அவனையே மண்வெட்டிக் காம்பால் அடித்து ஒரு விரலை முறித்திருக்கிறார். தம்பி மனைவி சோற்றுத் தட்டை எட்டி நின்று வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். "பாவமாத்தான் இருக்குக்கா, ஆனா பக்கத்துல போனா முடியைப் புடிச்சுடுறாரு" என்று அழுவாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் திருவாரூரிலிருந்து போய்க் குளிப்பாட்டுவேன். குளியல் என்று சொல்கிறேனே தவிர, அது மல்யுத்தம். ஆளைப் பிடித்து அமுக்குவது எனக்குப் புதிதில்லை. விஷம் குடித்தவன், வலிப்பு வந்தவன், சாராயம் தலைக்கேறியவன் என்று எத்தனையோ பேரைக் கட்டிலோடு சேர்த்துப் பிடித்திருக்கிறேன். மணிக்கட்டில் எந்த இடத்தை அழுத்தினால் மூடிய கை தானாக விரியும் என்பது எனக்குத் தெரியும். என் ஆஸ்பத்திரியில் அதற்கு எனக்கு நல்ல பெயர் உண்டு.

இவ்வளவு பாடுபட்டு அவரை இ-சேவை மையத்துக்குக் கொண்டுபோனது எங்கள் வீட்டு மண்ணுக்காக.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குத் தெற்கே இருக்கிறது. வாய்க்காலின் மேல்கரை பண்ணைக்காரர்களுடையது, கீழ்க்கரை எங்கள் தெரு. எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறையாக அந்தப் பண்ணையில் நட்டார்கள், அறுத்தார்கள், செத்தார்கள். குடியிருந்த மண் மட்டும் ஒருநாளும் எங்கள் பெயரில் இருந்ததில்லை. இப்போது பண்ணையாரின் பேரன் வெளிநாட்டில் இருக்கிறார். நிலத்தை மனை போட விற்கப்போகிறார் என்று பேச்சு வந்ததும், எங்கள் தெரு ஆட்கள் ஆட்சியர் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அடிதடி நடந்தது, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. தையல் போட்டது நான்தான். கடைசியில் குடியிருப்பவர்களுக்கே பட்டா என்று முடிவாகி, தெருவிலேயே முகாம் போட்டார்கள்.

எல்லா வீட்டுக்கும் கிடைத்தது, எங்கள் வீட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை. கணக்கெடுப்பில் அப்பா பெயர் இருந்தது. பட்டா ஏற வேண்டுமென்றால் ஆதாரில் உள்ள ரேகையோடு அவர் விரல் ஒத்துப்போக வேண்டும். ஒரு மசால்வடையைக் கையில் கொடுத்து, இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை மெஷினில் வைத்தோம். வடை தின்கிற கவனத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலு தடவையும் சிவப்பு விளக்கு எரிந்தது. அறுபது வருஷம் சேற்றிலும் மண்வெட்டியிலும் தேய்ந்த விரல், ரேகையே இல்லை. "கட்டைவிரலை வச்சுப் பாருங்க" என்றார் முகாமிலிருந்த எழுத்தர். அப்பா வடையை அவர் முகத்தில் எறிந்துவிட்டு மேஜையைக் கவிழ்த்தார்.

எழுத்தர் நல்ல மனுஷர். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பழைய ஆதாரும்மா இது. எடுத்ததுலேருந்து புதுப்பிக்கவே இல்ல. பத்து விரலையும் மறுபடி பதிஞ்சு கொண்டாங்க. மாசக் கடைசிக்குள்ள வந்தாத்தான் இந்தப் பட்டியல்ல சேத்து அனுப்ப முடியும்."

"என் தம்பி பேருக்கு மாத்திக்க முடியாதுங்களா?"

"புது மனு போடணும், ஆரம்பத்துலேருந்து வரணும். அதுக்குள்ள இடம் கைமாறிடுச்சுன்னா நான் பொறுப்பில்லம்மா."

தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள். வேலை இல்லாத நாட்களில் கடன் சொல்லிச் செங்கல் எடுத்துவந்து, அவனே கட்டிய இரண்டு அறை வீடு அது. மாதக் கடைசிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

இ-சேவை மையத்தில் வலது கையின் நாலு விரல்களை வைத்தார், இடது கையின் நாலையும் வைத்தார். "கடைசியா ரெண்டு கட்டைவிரலும் சேத்து வைங்க தாத்தா" என்று அந்தப் பெண் சொன்னாள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

கட்டைவிரல் விஷயம் எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தேதான் கொண்டுபோனேன். எல்லாம் மறந்தவருக்கு அதுவும் மறந்திருக்கும் என்று நினைத்தேன்.

நாங்கள் பிறப்பதற்கு முந்தைய கதை அது, அம்மா சொல்லித் தெரியும். குடியிருப்பவர்களுக்கே மனை என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டதும், பண்ணையார் முந்திக்கொண்டார். தெருவில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, 'இந்த மண்ணில் எனக்கு ஒரு பாத்தியமும் இல்லை, சொன்னால் காலி செய்கிறேன்' என்று எழுதிய தாளில் கைநாட்டு வாங்கினார். எல்லோரும் வைத்தார்கள். அப்பா மட்டும் வைக்க மாட்டேன் என்றார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். களத்து மேட்டில் தென்னை மரத்தில் கட்டி, முதுகுத் தோல் உரியும்வரை புளிய மிலாறால் அடித்தார்கள். மயங்கினால் தண்ணீர் ஊற்றி மறுபடி அடித்தார்கள். அப்போதும் கையை மூடியே வைத்திருந்தாராம். கடைசியில் அவிழ்த்துக் கீழே தள்ளி, இரண்டு பேர் காலைப் பிடிக்க, ஒருவன் தோளில் முட்டி போட, நாலாவது ஆள் விரலைப் பிரித்தான். மைகூட இல்லை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி அழுத்தினார்கள்.

"புடிச்ச நாலு பேரும் நம்ம தெருவுதான்டி" என்பாள் அம்மா.

அவர்களுக்கும் வேறு வழி இருந்திருக்காது. ஏற்கெனவே கைநாட்டு வைத்தவர்கள், அன்றைக்குச் சோறு பண்ணை வீட்டில்தான். ஆனால் அப்பா அந்த நாலு பேரோடும் அவர்கள் சாகும்வரை பேசவில்லை. அதில் ஒருவர் அவருடைய சொந்தச் சித்தப்பா. அவர் பிணத்துக்குக்கூடப் போகவில்லை. போகச் சொல்லி அம்மா கெஞ்சியபோது, "அடிச்சவனை விட்டுத்தள்ளு, அவன் வேற ஆளு. புடிச்சவன் நம்ம ஆளு" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா எழுதக் கற்றுக்கொண்டார். நான் ஒன்றாம் வகுப்பு போனபோது என் பலகையை வாங்கி, என்னோடு சேர்ந்து எழுதினார். என்னை விட மோசமாக எழுதுவார், பல்பத்தை அழுத்தி உடைப்பார். மூன்று மாதத்தில் தன் பெயரை எழுதப் பழகினார். அப்புறம் எந்த இடத்திலும் மை டப்பாவை நீட்ட விடமாட்டார். கூட்டுறவு வங்கியில் ஒருவர் பழக்கதோஷத்தில் நீட்டிவிட, டப்பா சுவருக்குப் பறந்தது. ஆதார் எடுக்க வந்தபோதும் ரகளைதான். "ஆட்சியரும் பத்து விரலையும் வைக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "மந்திரி?" அவரும்தான் என்றோம். "அப்ப இது கைநாட்டு இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வைத்தார். அன்றைக்கு அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது, கேள்வி கேட்டார், பதில் சொன்னோம். இப்போது கேட்கவும் தெரியவில்லை, சொன்னாலும் ஏறவில்லை. ஆட்சியர் போய்விட்டார், மந்திரி போய்விட்டார், கையெழுத்தும் போய்விட்டது. களத்து மேடு மட்டும் அப்படியே இருந்தது.

பல் உடைந்து ஒரு வாரம் கழித்து, இட்லிச் சட்னியில் தூக்க மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கொடுத்தேன். எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆட்டோவில் வாய் பிளந்து தூங்கியபடி வந்தார். இ-சேவைப் பெண், புதுக் கண்ணாடி போட்டிருந்தாள், அவரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "கண்ணு திறந்திருக்கணும் சிஸ்டர். போட்டோ ஏத்துக்காது." இமையைப் பிரித்துப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "படுக்கையில கிடக்கிறவங்களுக்கு நாங்க வீட்டுக்கே வருவோம். எழுதிக் குடுங்க. அப்புறம், விரல் ரொம்ப வெடிச்சிருக்கு. கொஞ்சம் பதப்படுத்தி வைங்க" என்றாள்.

பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரில் தங்கினேன். தினமும் காலையில் வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீரில் அவர் கைகளை ஊறவைத்தேன். பிறகு தேங்காயெண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டேன். முதல் நாள் சட்டியைத் தட்டி உடைத்தார். இரண்டாம் நாள் என் கையைக் கடித்தார், தழும்பு இன்னும் இருக்கிறது. மூன்றாம் நாள் என்ன நினைத்தாரோ, கையைக் கொடுத்தார். நாலாம் நாள் என்னை அம்மா என்று நினைத்துக்கொண்டார். "கதிர் வந்துடுச்சாடி?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகு காலையில் நான் சட்டியோடு வரும்போதே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கட்டைவிரலை நான் நீவும்போதுகூட இழுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு முனகினார். என் வாழ்நாளில் அப்பா என்னிடம் அவ்வளவு சாதுவாக இருந்ததில்லை. பத்தாம் நாள் தோல் குழந்தைத் தோல்போல ஆகி, மங்கலாக ரேகை தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தப் பெண் பெட்டியோடு வந்தாள். கட்டிலருகே ஸ்டூல் போட்டு மெஷினை வைத்தாள். போட்டோ எடுக்கும்வரை அப்பா சாதுவாகத்தான் இருந்தார். மெஷினில் விளக்கு எரிந்ததும் முகம் மாறியது. நான் கையைப் பிடித்துக் கண்ணாடித் தகட்டுப் பக்கம் கொண்டுபோனேன். நீவிவிடுகிறேன் என்று நினைத்து முதலில் கொடுத்தவர், தகட்டின் குளிர்ச்சி பட்டதும் என் காதைப் பிடித்து முறுக்கி, தலையைச் சுவரில் மோதினார்.

தம்பி ஓடிவந்தான். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரரும் அடுத்த வீட்டுக்காரரும் வந்தார்கள், இரண்டு பேரும் பட்டா வாங்கியவர்கள். அப்பா தம்பியின் வயிற்றில் உதைத்தார். எதிர்வீட்டுக்காரரின் சட்டை கிழிந்தது. கட்டில் சட்டம் விரிசல் விட்டது.

"சிஸ்டர், வேணாம். இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றாள் அந்தப் பெண்.

"இன்னொரு நாள் எங்கம்மா இருக்கு? நான் நர்ஸ். எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். "நீங்க ரெண்டு பேரும் காலைப் புடிங்க. தம்பி, தோளை அமுக்குடா. மேல ஏறி அமுக்கு!"

பிடித்தார்கள். எட்டு விரல்களும் எப்படியோ பதிந்தன. கட்டைவிரல்களை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டார். அவ்வளவு பலம் அந்த உடம்பில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் மணிக்கட்டில் அந்த இடத்தைத் தேடி அழுத்தினேன். கை விரிந்தது. விரிந்த கையைத் தகட்டில் வைத்து, என் முழு எடையையும் போட்டு அமுக்கினேன். எலும்பு நெறிபடுவது என் உள்ளங்கையில் தெரிந்தது.

அப்போதுதான் அவர் திமிறுவதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். "ஆண்டே," என்றார். "குடும்பம் இருக்கு ஆண்டே. மழைக்காலம் ஆண்டே."

பண்ணையாரைக் கூப்பிடுகிற அந்த வார்த்தை அம்மா சொன்ன கதையில் இல்லை. அவர் கெஞ்சினார் என்று அம்மா சொன்னதே இல்லை. ஒருவேளை அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கும். ஐம்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை என்னிடம் சொன்னார்.

நான் கையை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். விளக்கு பச்சையாகும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"விழுந்துடுச்சு சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண். எதிர்வீட்டுக்காரர் காலை விட்டுவிட்டு வெளியே போய், வாய்க்கால் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் அந்தக் கதை தெரியும். அன்றைக்குக் காலைப் பிடித்தவர்களில் ஒருவர் அவருடைய அப்பா.

மாதக் கடைசிக்குள் ஆதார் புதுப்பித்து வந்தது, பட்டியலில் பெயர் ஏறியது. தம்பிக்கு அலுவலகத்தில் தேநீர்கூடக் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகு அப்பா யாரையும் அடிக்கவில்லை. மண்வெட்டிக் காம்பு மூலையில் கிடக்கிறது, அவர் தொடுவதில்லை. தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்தே சோறு போடுகிறாள். "எவ்வளவு அடங்கிட்டாரு பாருங்க, எல்லாம் நீங்க கை நீவிவிட்ட ராசி" என்று தெருவில் சொன்னார்கள். எனக்கு அவர்களை அடிக்க வேண்டும்போல இருந்தது.

அவர் தானாக வீட்டுக்குள் வருவதில்லை. காலையில் எழுந்ததும் இரண்டு வேட்டியையும் ஒரு சொம்பையும் மூட்டை கட்டிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய்விடுகிறார். பொழுது சாயும்போது தம்பி மனைவி போய், "இது நம்ம சொந்தக்காரங்க வீடுதான் மாமா, இன்னிக்கு மட்டும் தங்கிட்டுப் போகலாம்" என்று அழைத்து வருவாள். வாசலில் நின்று, "படுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைவார். ஒரு ஓரமாக, துண்டை மட்டும் விரித்துப் படுப்பார். அவர் மகன் கட்டிய வீடு அது.

பட்டா வந்த ஞாயிற்றுக்கிழமை நான் அதை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அப்பா ஒதிய மரத்தடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் அச்சடித்திருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"பாருப்பா. உன் பேரு. நம்ம மண்ணு. இனிமே எவனும் கேக்க முடியாது."

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். முதுகு வளைந்தது. தாளை அவர் பார்க்கவே இல்லை. வலது கட்டைவிரலை, நான் கேட்காமலே, என் முன்னால் நீட்டினார்.

"எத்தனை நாளையில காலி பண்ணணும் ஆண்டே?"

நான் அந்தக் கையைப் பிடித்து என் கன்னத்தில் அறைந்துகொண்டேன். "அடிப்பா. என்னை அடி. பல்லை உடைச்சியே, அந்த மாதிரி அடி." திரும்பத் திரும்ப அறைந்துகொண்டேன். கஞ்சித் தண்ணீரில் ஊறிய கை, வலிக்கவே இல்லை. நான் விட்டதும் அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் கட்டைவிரலை நீட்டினார்.